இரும்பு வால்வா, மாட்டு வால்வா? ஒரு வாசகிக்கு இதய மருத்துவரின் பதில்

கடிதம் எழுதியவர் திருக்கோவில் பக்கத்துப் பெண், வயது 31. ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டேன். கொப்பித் தாளில் நாலு பக்கம் நெருக்கி எழுதியிருக்கிறார், அதன் சுருக்கம் இது.

ஒன்பது வயதில் முழங்கால் வீங்கிக் காய்ச்சல் வந்தது. தொண்டைக் கிருமிக்குப் பிறகு வந்து இதய வால்வுகளைக் கெடுக்கும் ருமாட்டிக் காய்ச்சல் என்று சொல்லி மூன்று கிழமைக்கு ஒரு தடவை பென்சிலின் ஊசி போட்டார்கள். 2004 சுனாமியில் வீட்டோடு கிளினிக் கொப்பியும் போனது. முகாம், பிறகு பெரியம்மா வீடு, பிறகு புது வீடு என்று அலைந்ததில் ஊசி நின்றுபோனதை யாரும் கவனிக்கவில்லை. 23 வயதில் நடந்தாலே மூச்சு வாங்கத் தொடங்க, எக்கோ என்கிற இதய ஸ்கேனில் மைட்ரல் வால்வு, அதாவது இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள கதவு, சுருங்கியிருப்பது தெரிந்து, கொழும்பில் பலூன் வைத்து விரித்தார்கள். அதன் பிறகு கலியாணம், ஒரு மகன், அவனுக்கு இப்போது ஐந்து வயது. ஒரு வருடமாகத் திரும்பவும் மூச்சு வாங்குகிறது, இரவில் இரண்டு தலையணை வைத்தால்தான் படுக்க முடிகிறது, சிலவேளை நெஞ்சு படபடக்கிறது. புது எக்கோவில் சுருக்கம் கடுமை, கசிவும் சேர்ந்துவிட்டது, வால்வில் சுண்ணாம்பு படிந்திருக்கிறது. இனிப் பலூன் சரிவராது, மாற்றத்தான் வேண்டும், எந்த வால்வு என்று ஒரு மாதத்தில் யோசித்து வாருங்கள் என்று சத்திரசிகிச்சை நிபுணர் அனுப்பியிருக்கிறார்.

வீட்டில் ஆளுக்கொரு கதை. கட்டாரில் இருக்கும் கணவர், "இரும்பு வால்வைப் போடு, ஆயுசுக்கும் போதும், இரத்தம் சோதிக்கத் தேவையில்லாத புது மாத்திரை இங்கே இருக்கு, நான் அனுப்புறன்" என்கிறார். மாமி, "முதல்ல ஒரு பொம்பிளைப் பிள்ளையைப் பெறு, ஒபரேஷன் பிறகு பார்ப்பம்" என்கிறார், மாட்டிலிருந்து எடுத்த வால்வு என்ற பேச்சே அவருக்கு ஆகாது. அம்மா ஒபரேஷனே வேண்டாம் என்கிறார், ஊரில் ஒருவர் வால்வு மாற்றப் போய்க் கை கால் விளங்காமல் வந்தாராம். இவர் கேட்பது: எது நல்லது? மாற்றினால் ஊசி, மருந்து எல்லாவற்றையும் விடலாமா? முருங்கையிலை கூடத் தின்னக் கூடாதாமே?

தங்கச்சி,

மாமியின் யோசனைக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த வீட்டில் ஓடும் பேச்சுகளில் உடனே உயிரைப் பறிக்கக்கூடியது அதுதான். இந்த வால்வோடு நீங்கள் கர்ப்பமாகக் கூடாது. கர்ப்ப காலத்தில் உடம்பில் ஓடும் இரத்தத்தின் அளவு 40 முதல் 50 சதவீதம் வரை கூடும், துடிப்பும் வேகமாகும். வாய்க்கால் மதகு பாதி அடைத்துக் கிடக்கும்போது மாரி வெள்ளம் வந்தால் தண்ணீர் எங்கே போகும்? பின்பக்கம் வயலுக்குள் ஏறும். அதே மாதிரி இரத்தம் பின்னுக்குத் தேங்கி நுரையீரல் நனைந்துபோகும். உலக சுகாதார அமைப்பின் முறைப்படி இதய நோயுள்ள பெண்களின் கர்ப்ப ஆபத்தை நான்கு வகுப்பாகப் பிரிப்பார்கள், கடுமையான மைட்ரல் சுருக்கம் நான்காவதில் வருகிறது. கர்ப்பமே கூடாது என்று சொல்லும் வகுப்பு அது. "மகனைப் பெற்றபோது ஒன்றும் ஆகவில்லையே" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்போது இருந்தது பலூனால் விரித்த வால்வு. இப்போது இருப்பது அது இல்லை.

கணவர் லீவில் வருவதற்கு முன்பே குடும்பக் கட்டுப்பாட்டு முறை ஒன்றைத் தீர்மானியுங்கள். வழக்கமான கூட்டுக் குளிசை உங்களுக்குச் சரிவராது, அதிலுள்ள ஈஸ்ட்ரோஜன் இரத்தக்கட்டி உண்டாவதைக் கூட்டும். கையில் வைக்கும் இம்பிளான்ட் மாதிரி வேறு வழிகள் இருக்கின்றன. உங்கள் பகுதி மிட்வைஃபிடம் போகும்போது "எனக்கு இதய வால்வு நோய்" என்பதை முதல் வசனமாகச் சொல்லுங்கள்.

அம்மாவின் பயம் வெறும் பயம் என்று தள்ள மாட்டேன். முதல் தடவையாக ஒரே ஒரு வால்வை மாற்றும் இளவயதுக்காரரில் பெரும்பான்மையோர் நன்றாக எழுந்து வீட்டுக்கு வருகிறார்கள், ஆனால் நூறு பேரில் ஒருசிலர் உயிரிழக்கிறார்கள், ஒன்றிரண்டு பேருக்குப் பக்கவாதம் வருகிறது. கொஞ்சப் பேருக்குத் துடிப்பு மெதுவாகிப் பேஸ்மேக்கர் வைக்க நேரிடும், நெஞ்செலும்புக் காயத்தில் கிருமி பிடிக்கலாம். இதெல்லாம் உண்மை. அம்மாவிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள்: ஒபரேஷன் செய்யாமல் விட்டாலும் பக்கவாதம் வரும். சுருங்கிய வால்வுக்குப் பின்னால் இதயத்தின் மேலறை பெரிதாகி, இரத்தம் அங்கே சுழன்று நின்று கட்டியாகி, அது ஒருநாள் மூளைக்குப் போகும். ஊரில் கை கால் விளங்காமல் போனவருக்கு அது ஒபரேஷனில் வந்ததா, மருந்தை விட்டதால் வந்ததா என்று விசாரித்துப் பாருங்கள், பதில் வேறாக இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

இரும்பு வால்வு

பேர்தான் இரும்பு. உள்ளே கதவு மாதிரித் திறந்து மூடும் இரண்டு சின்ன இதழ்களும் கடினமான ஒரு வகைக் கார்பனால் ஆனவை. தேயாது. இருபது, முப்பது வருடம் தாராளமாக ஓடும், அந்த அளவில் உங்கள் கணவர் சொல்வது சரி. ஆனால் அந்த உத்தரவாதம் வால்வுக்குத்தான், போட்டுக்கொண்டவருக்கு இல்லை. அந்நியப் பொருளின் மேல் இரத்தம் உறையப் பார்க்கும், உறைந்தால் இதழ் இறுகும் அல்லது கட்டி பிய்ந்து மூளைக்குப் போகும். அதைத் தடுக்க வார்பரின் மாத்திரையை ஒருநாளும் விடாமல் ஆயுள் முழுக்கக் குடிக்க வேண்டும்.

வார்பரின் கொஞ்சம் முரட்டு மருந்து. இரத்தம் எவ்வளவு மெதுவாக உறைகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் என்ற பரிசோதனை எண்ணை மைட்ரல் இடத்து இரும்பு வால்வுக்குப் பொதுவாக 2.5-க்கும் 3.5-க்கும் இடையில் வைத்திருக்க வேண்டும். குறைந்தால் கட்டி, கூடினால் இரத்தக்கசிவு. ஒழுங்காகப் பார்த்துக்கொள்பவர்களிலேயே வருடத்துக்கு நூறில் ஒன்றிரண்டு பேருக்குப் பெரிய கசிவும், ஏறக்குறைய அதே அளவு பேருக்குக் கட்டியால் சிக்கலும் வருகின்றன. ஒரு வருடத்துக்கு இது சின்னக் கணக்கு, 31 வயதில் தொடங்கி நாற்பது வருடத்துக்குக் கூட்டிப் பாருங்கள்.

வாழைச்சேனைப் பக்கத்து மீன்பிடிக்காரர் ஒருவரை எனக்குத் தெரியும். இரும்பு வால்வுக்காரர். இரவில் ஊர் அடங்கிய பிறகு அவர் நெஞ்சிலிருந்து கைக்கடிகாரம் போல டிக் டிக் என்று கேட்கும், முதல் ஒரு மாதம் மனைவிக்கு நித்திரையே இல்லை, பிறகு அந்தச் சத்தம் இல்லாமல் நித்திரை வராது என்றார். பல்லுப் பிடுங்குவதற்காக அவர் தானாகவே வார்பரினை நிறுத்தியிருக்கிறார், பல்லும் போனது, அப்புறம் கடலுக்குப் போனார், மாத்திரை ஞாபகமே இல்லை. மூன்றாவது கிழமை ஒருநாள் விடியற்காலை மனைவிதான் அவரை உலுப்பி எழுப்பியிருக்கிறார், "சத்தம் மங்கலாக் கேக்குது" என்று. அவருக்கு அப்போது லேசான மூச்சுத் திணறல் மட்டும்தான். வால்வின் ஓர் இதழ் கட்டியால் இறுகிப்போயிருந்தது. அன்றைக்கே கொண்டுவந்ததால் பிழைத்தார். பல்லுப் பிடுங்கவோ வேறு எதற்கோ வார்பரினை நிறுத்துவதா, எத்தனை நாள், இடையில் ஊசி போடுவதா என்பதை இதயக் கிளினிக்தான் சொல்ல வேண்டும்.

பெண்களிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று: வார்பரின் எடுக்கும்போது மாதவிடாய் அதிகமாகப் போகலாம், சிலர் வெளியே சொல்ல வெட்கப்பட்டு இரத்தம் குறைந்து வெளிறிப்போய்த்தான் வருகிறார்கள். அதற்கு வழி இருக்கிறது, கேளுங்கள்.

சரி, இரும்பு வால்வோடு பிள்ளை பெற முடியாதா? முடியும், பெற்றவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இதிலுள்ள சிக்கலைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். வார்பரின் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போகும். ஆறாவது கிழமையிலிருந்து பன்னிரண்டாவது கிழமை வரை அது குழந்தையின் மூக்கு, எலும்பு வளர்ச்சியைக் கெடுக்கலாம், கருச்சிதைவும் கூடும். ஒருநாளைக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் போகாதவர்களுக்கு இந்த ஆபத்துக் குறைவு. வார்பரினை விட்டு, இரத்தம் உறையாமல் தடுக்கும் இன்னொரு மருந்தான ஹெபரின் ஊசிக்கு மாறினால் பிள்ளைக்குப் பாதுகாப்பு, தாயின் வால்வில் கட்டி பிடிக்கும் ஆபத்துக் கூடும். பிரசவம் நெருங்கும்போது எப்படியும் ஊசிக்கு மாறியாக வேண்டும். பல நாடுகளின் கர்ப்பிணிகளைச் சேர்த்து 2015-இல் வெளியான ஒரு பதிவேட்டில், இரும்பு வால்வுள்ள 212 பேரில் பெரிய சிக்கல் எதுவும் இல்லாமல் உயிரோடு பிள்ளை பெற்றவர்கள் 58 சதவீதம். திசு வால்வு உள்ளவர்களில் அது 79 சதவீதம். மாமி இந்த இரண்டு எண்ணையும் கேட்க வேண்டும்.

மாட்டு வால்வு

திசு வால்வு என்பார்கள். பன்றியின் இதய வால்விலிருந்தோ, மாட்டின் இதயத்தைச் சுற்றியுள்ள உறையிலிருந்தோ செய்து, பதப்படுத்தி, உயிரணு எதுவும் இல்லாத நிலையில் பொருத்துவது. மாமிக்கு மாடு ஆகாது, உங்கள் முஸ்லிம் சிநேகிதிக்குப் பன்றி ஆகாது, இது நம்முடைய கரையில் நான் அடிக்கடி கேட்கும் பேச்சு, இதில் சிரிக்க ஒன்றுமில்லை. எந்த மிருகத்தினுடையது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. முடிவும் உங்கள் மனச்சாட்சிக்கு உட்பட்டது, மாமியினுடையதற்கு இல்லை.

இதன் நல்ல பக்கம், முதல் மூன்று மாதம் அல்லது கொஞ்சம் கூடுதலாக வார்பரின் எடுத்த பிறகு பலருக்கு அதை நிறுத்திவிடலாம். கெட்ட பக்கம், அது தேயும். வயதானவர்களுக்குப் பத்துப் பதினைந்து வருடம், அதற்கும் மேலே ஓடும். உடம்பு இளமையாக இருந்தால் சுண்ணாம்பு சீக்கிரம் படியும், மைட்ரல் இடத்தில் இன்னும் சீக்கிரம். 31 வயதில் போட்டால் நாற்பது வயதைச் சுற்றி இன்னொரு ஒபரேஷன் வரும் என்று எண்ணிக்கொண்டே போடுங்கள். இரண்டாவது முறை நெஞ்சைத் திறப்பது முதல் முறையை விடக் கடினம், ஆபத்தும் கூட. பழைய வால்வுக்குள்ளேயே குழாய் வழியாகப் புது வால்வு வைக்கும் முறை வந்திருக்கிறது, ஆனால் விலை பெரிது, எல்லோருக்கும் பொருந்தாது, அதை நம்பி இப்போது முடிவெடுக்க வேண்டாம்.

இங்கே உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு சொல் எனக்கு முக்கியமாகப் படுகிறது: படபடப்பு. இது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்கிற ஒழுங்கற்ற துடிப்பாக இருந்தால், திசு வால்வு போட்டாலும் வார்பரின் தொடர வேண்டி வரலாம். அப்படியானால் திசு வால்வின் பெரிய இலாபமே கையை விட்டுப்போகும். ஒரு ஈசிஜியில் அகப்படாவிட்டால் 24 மணி நேரம் உடம்பில் மாட்டிப் பதிவு செய்யும் கருவி இருக்கிறது, அதைக் கேளுங்கள். ஒபரேஷனுக்கு முன்னால் இது தெரிந்தாக வேண்டும்.

வால்வை மாற்றாமல் பழுதுபார்க்க முடியுமா என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ருமாட்டிக் வால்வில், அதுவும் சுண்ணாம்பு படிந்ததில், வாய்ப்புக் குறைவுதான். கேட்டால் நட்டமில்லை.

கட்டாரிலிருந்து வரும் மாத்திரை

வேண்டாம். கணவர் அன்பில்தான் சொல்கிறார், ஆனால் இது நடந்தால் வினையாகிவிடும். ரிவரொக்ஸபான், அபிக்ஸபான், டபிகட்ரான் போன்றவை வேறு பல நோய்களுக்கு நல்ல மருந்துகள், ஐஎன்ஆரும் பார்க்கத் தேவையில்லை. இரும்பு வால்வுக்கு அவை உதவாது. டபிகட்ரானை வார்பரினோடு ஒப்பிட்ட ஆய்வு 252 பேரோடு நடுவழியில் நிறுத்தப்பட்டு 2013-இல் வெளியானது, புது மருந்து எடுத்தவர்களில் 5 சதவீதத்தினருக்குப் பக்கவாதம், வார்பரின் எடுத்தவர்களில் ஒருவருக்கும் இல்லை, கசிவும் புது மருந்தில்தான் கூட. அபிக்ஸபானை வைத்துச் செய்த ஆய்வையும் இதே மாதிரி 2022-இல் நிறுத்தினார்கள். அவரிடம் வேறு ஒன்றை அனுப்பச் சொல்லுங்கள்: வீட்டிலேயே விரல் நுனி இரத்தத்தில் ஐஎன்ஆர் பார்க்கும் சின்ன மெஷின் இருக்கிறது. பரிசோதனைத் துண்டுகளுக்குத் தொடர்ந்து காசு போகும், முதலில் கிளினிக்கில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஊசி, கீரை, காய்ச்சல், வெள்ளம்

புது வால்வு வந்தால் பென்சிலினை விடலாம் என்பது தப்பு. ருமாட்டிக் காய்ச்சல் திரும்ப வந்தால் மற்ற வால்வுகளைப் பிடிக்கும். உங்களைப் போன்ற நிலையில் நாற்பது வயது வரையாவது, சிலருக்கு ஆயுள் முழுக்கவும் தொடர்வார்கள். வார்பரின் எடுப்பவருக்குத் தசையில் ஊசி போட்டால் இரத்தம் கட்டலாம் என்பதால், ஐஎன்ஆர் பார்த்துப் போடுவார்கள் அல்லது தினமும் குடிக்கும் மாத்திரையாக மாற்றுவார்கள்.

முருங்கையிலை தாராளமாகச் சாப்பிடலாம். வல்லாரைச் சம்பல், பொன்னாங்காணி, இலைக்கஞ்சி எதையும் விட வேண்டாம். அவற்றிலுள்ள வைட்டமின் கே வார்பரினுக்கு எதிராக வேலை செய்யும், உண்மைதான், அதனால் கிழமைக்குக் கிழமை ஏறக்குறைய ஒரே அளவாகச் சாப்பிட்டால் மருந்தின் அளவை அதற்கேற்ப வைத்துவிடலாம். ஒரு மாதம் கீரையே இல்லாமல் இருந்து அடுத்த மாதம் மூன்று நேரமும் கஞ்சி குடித்தால்தான் ஐஎன்ஆர் ஆடும். அதைவிட ஆபத்து பார்மசியில் சும்மா வாங்கும் டைக்லோபெனாக் போன்ற நோ மாத்திரையும் சில அன்டிபயோட்டிக்கும், பேர் தெரியாத சூரணங்களும். மாத்திரையை நிறத்தை வைத்து எண்ணாதீர்கள், கம்பனி மாறினால் நிறமும் மாறும். அட்டையில் எத்தனை மில்லிகிராம் என்று வாசியுங்கள்.

செயற்கை வால்வு எதுவானாலும் அதில் கிருமி குடியேறலாம், வருடத்துக்கு ஏறக்குறைய இருநூறு பேரில் ஒருவர் என்ற கணக்கில். குளிரோடு காய்ச்சல் வந்து சில நாளில் போகாவிட்டால், அன்டிபயோட்டிக் தொடங்குவதற்கு முன்னால் இரத்தம் எடுத்துக் கிருமி வளர்த்துப் பார்க்க வேண்டும், அவசரப்பட்டுக் குடித்துவிட்டு வந்தால் கிருமி ஒளிந்துகொள்ளும். நம்முடைய பக்கம் டெங்கும் இருக்கிறது, பிளேட்லட் குறையும் நேரத்தில் வார்பரினும் சேர்ந்தால் கசிவு வரும், அதனால் காய்ச்சல் இரண்டாவது நாள் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பல்லுச் சிகிச்சைக்கு முன்னால் வால்வு இருப்பதைச் சொல்லுங்கள், ஒருதரம் அன்டிபயோட்டிக் தருவார்கள். மாரியில் பாதை மூழ்கும் காலத்துக்கு இரண்டு கிழமை மாத்திரை கையில் மிச்சம் இருக்கட்டும்.

மூன்றாம் பக்கத்து ஓரத்தில்

இனி, நீங்கள் மூன்றாம் பக்கத்தின் ஓரத்தில், பேனையை மாற்றி, சின்ன எழுத்தில் எழுதிய ஒரு வரி. "எனக்கு மகன் ஒருத்தனே போதும் போல இருக்கு டொக்டர், ஆனா அதைச் சொல்லேலாது."

எந்த வால்வு என்று என்னைக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் எக்கோவையும் துடிப்பையும் நேரில் பார்க்காமல் நான் கடைசி முடிவு சொல்ல முடியாது, ஆனால் என் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்லலாம், அது அந்த வரியைப் பொறுத்துச் சாய்கிறது. இன்னொரு பிள்ளை வேண்டும் என்பது உங்களுடைய ஆசையாக இருந்து, துடிப்பும் ஒழுங்காக இருந்தால், திசு வால்வு போட்டு, தேறி, டொக்டர் சரி என்ற பிறகு பிள்ளை பெற்று, நாற்பதுகளில் இன்னொரு ஒபரேஷனுக்குத் தயாராக இருப்பதில் நியாயம் இருக்கிறது. ஒருத்தன் போதும் என்றால், அக்கரைப்பற்றிலோ கல்முனையிலோ ஒழுங்காக ஐஎன்ஆர் பார்க்க வழியும் இருந்தால், இரும்பு வால்வு உங்களை இன்னொரு தடவை அந்த மேசையில் படுக்க வைக்காமல் காப்பாற்றலாம். அந்த வரியைச் சொல்லாமல் விட்டால், நீங்கள் விரும்பாத ஒரு கர்ப்பத்துக்காக இன்னொரு நெஞ்சு ஒபரேஷனை ஏற்றுக்கொள்வீர்கள்.

நம்முடைய பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார், வீடும் உங்கள் பேரில்தான் இருக்கும், ஆனாலும் இரண்டு தெரு தள்ளியிருந்து மாமியின் சொல் வந்துவிடுகிறது, எனக்குத் தெரியாததா. சம்மதப் பத்திரத்தில் கையெழுத்து உங்களுடையது. நிபுணரைத் தனியாகச் சந்திக்க வேண்டும் என்று தாதியிடம் சொல்லலாம், அப்படிக் கேட்பவர்கள் நிறையப் பேர். விளக்கத்தையும் பத்திரத்தையும் தமிழில் கேளுங்கள், தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. வேறொரு நிபுணரின் கருத்தைக் கேட்பதில் யாரும் கோபிக்க மாட்டார்கள். அரச ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக்குக் கட்டணம் கிடையாது, வரிசை நீளமாகித் தனியாரில் செய்ய வேண்டி வந்தால் ஜனாதிபதி நிதியத்தின் உதவி பற்றிப் பிரதேச செயலகத்தில் முன்கூட்டியே விசாரியுங்கள்.

கிளினிக் நாளுக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, அவருக்கு லீவு நாள், மகன் நித்திரையான பிறகு கணவருக்கு வீடியோ கோல் எடுங்கள். வால்வைப் பற்றி முதலில் பேச வேண்டாம், அந்த ஓரத்து வரியை வாசித்துக் காட்டுங்கள். கிளினிக்குக்குப் போகும்போது பலூன் செய்த பழைய ரிப்போர்ட், இரண்டு எக்கோ, ஈசிஜி எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு எடுத்துப் போங்கள், ஒவ்வொன்றுக்கும் கைபேசியில் படமும் எடுத்து வையுங்கள். கொப்பி ஒருதரம் கடலோடு போனது போதும். இரண்டு தலையணை மூன்றாகினால், கால் வீங்கினால், இருமலில் இரத்தம் தெரிந்தால் ஒரு மாதம் முடியும் வரை காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.